சாமியாத்தாள் அந்தியூரில் கை நனைத்தது

என் தம்பி பாலுசாமியின் மனைவி சாமியாத்தாளைப் பற்றி உடுமலைப்பேட்டையில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் சாப்பாட்டைத்தான் சொல்வார்கள். கொப்பரைக் களத்தைப் பற்றி அப்புறம்தான் பேச்சு வரும். இத்தனைக்கும் அந்தக் களத்தை நடத்துவது அவள்தான். லாரியில் தேங்காய் வந்து இறங்குவது, உடைப்பது, வெயிலில் காய வைப்பது, மேகம் கறுத்தால் ஓடிப்போய்த் தார்ப்பாய் இழுத்து மூடுவது எல்லாமே அவள் குரலுக்குத்தான் நடக்கும். என் தம்பி ஏலத்துக்குப் போவான், டீ குடிப்பான், வருவான். கூடப் பிறந்தவன் என்பதற்காக நான் இல்லாததைச் சொல்ல முடியாது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான்.

அவள் சாப்பிடுவதைப் பார்த்தால் பசி இல்லாதவனுக்கும் பசிக்கும். அள்ளி விழுங்குகிற ஆளில்லை. சோற்றைப் பிசைந்து, நடுவில் குழி பறித்து ரசம் வாங்கி, அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில் ஊர்க்கதை ஒன்றைச் சொல்லி முடிப்பாள். சமைத்தவளைக் கூப்பிட்டு, “ஏனுங்க, இந்தக் கொள்ளுப் பருப்புக்கு என்ன தாளிச்சீங்க, நெம்ப நல்லா இருக்குதுங்களே” என்பாள். அந்த அம்மாள் அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் திரிவாள்.

எங்கள் கொங்கு நாட்டில் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் காபி குடிக்கலாம், முறுக்கு கடிக்கலாம். இலையில் உட்கார்ந்து சோறு சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். கை நனைத்துவிட்டு அப்புறம் மாட்டேன் என்றால் ஊர் சிரிக்கும். கை நனைக்க உட்கார்ந்துவிட்டுப் பாதியில் எழுந்து போனால், அந்த வீட்டுக்காரர் முகத்தில் கரி பூசியது மாதிரி. உறவுக்காரர்களில் யார் வீட்டுச் சம்பந்தப் பேச்சு இழுத்துக்கொண்டு கிடந்தாலும் சாமியாத்தாளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பெண்ணையும் பார்ப்பாள், வீட்டையும் பார்ப்பாள், அடுப்படி வரைக்கும் போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவாள். பிடித்துவிட்டால் சத்தமாக, “எலையப் போடுங்க” என்பாள். கல்யாணம் முடிந்த மாதிரிதான். அவள் கை நனைத்து முடித்த சம்பந்தம் எதுவும் இதுவரை பிசகவில்லை என்று சொல்வார்கள். சோறு தின்றே ஒருத்தி பேர் வாங்கிவிட்டாளே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

அப்படிப்பட்டவளுக்குத்தான் சோறு இறங்காமல் போனது.

கொரோனா இரண்டாம் முறை வந்து ஊரை உலுக்கிய வருடம் அது. எங்கள் வீதியில் ஒரு வீடு விடாமல் காய்ச்சல். எனக்கு வந்தது, தம்பிக்கு வந்தது, களத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வந்தது. சாமியாத்தாளுக்கு மணமும் ருசியும் அடியோடு போய்விட்டன. வாழ்க்கையில் முதல்முறையாக என் சாம்பாரைக் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். பிறகு ஒவ்வொருவராக எழுந்தோம். அவளுக்கும் ருசி திரும்பியது. என் சாம்பாரில் புளி தூக்கல் என்று சொன்ன அன்றைக்குத்தான் அவள் பிழைத்துக்கொண்டாள் என்று நம்பினேன்.

சில மாதம் கழித்து ஒரு மதியம், அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று நெஞ்சுக் குழியைப் பிடித்துக்கொண்டாள்.

“இங்க நின்னுக்கிச்சு நங்கையா,” என்றாள். கணவனின் அக்காளை நாங்கள் நங்கை என்போம்.

“தண்ணி குடி, எறங்கிரும்,” என்றேன்.

இறங்கியது. மறுநாளும் நின்றது. அப்புறம் வாரத்தில் பாதி நாள் நின்றது. பிறகு சோற்றைத் தள்ள என்று குடிக்கிற தண்ணீரும் அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. படுத்தால் மதியம் தின்றது அப்படியே, புளிக்கக்கூட இல்லாமல், வாய்க்கு வந்து தலையணையை நனைத்தது. தலைமாட்டில் தலையணை மேல் தலையணை அடுக்கி, உட்கார்ந்தபடிதான் தூங்கினாள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடி, கையில் ஒரு சொம்புத் தண்ணீரோடு சாப்பிடுவாள். ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு வாய் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் மேலே தூக்கி, நெஞ்சை நிமிர்த்தி, நுனிக்காலில் எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அவள் கண்ணில் தண்ணீர் வழிவதைப் பார்த்ததும் ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டேன்.

ஆள் பாதியாகிப் போனாள். ஜாக்கெட்டுகளை எல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. ஊர் சும்மா இருக்குமா? சர்க்கரை வந்துவிட்டது என்றார்கள். யூடியூப் பார்த்து டயட் இருக்கிறாள் என்றார்கள். மகள் கல்யாணக் கவலை என்றார்கள். எங்கள் பக்கத்து டாக்டர் கேஸ் டிரபிள் என்றார், மாத்திரை கொடுத்தார். அது கேட்காமல் போகவும் மனசுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். கடைசியில் தம்பி அவளைத் தொக்கம் எடுக்கிறவரிடம் கூட்டிக்கொண்டு போனான். குழந்தைகளுக்கு நெஞ்சில் எதாவது சிக்கிக்கொண்டால் தடவி, ஊதி, வாயால் உறிஞ்சி எடுத்துக் காட்டுகிறவர்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவரும் தடவினார், ஊதினார், கடைசியில் கையில் ஒரு கறித்துண்டைத் துப்பிக் காட்டினார்.

“கறி தின்னு மாசக்கணக்காச்சுங்களே. இது யாரு தின்னதுங்க?” என்று சாமியாத்தாள் கேட்டிருக்கிறாள். அந்த நிலையிலும் அவளுக்குக் குறும்பு போகவில்லை.

இந்த நேரத்தில்தான் லோகப்பிரியாவுக்கு அந்தியூரிலிருந்து சம்பந்தம் வந்தது.

லோகப்பிரியா என் தம்பியின் ஒரே மகள். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மாப்பிள்ளை கிருபாசங்கருக்கும் அங்கேயே ஒரு பம்ப்செட் கம்பெனியில் இன்ஜினியர் வேலை. அவன் அப்பா வேங்கடசாமிக்கு அந்தியூரில் வெற்றிலைத் தோட்டம். ஜாதகம் பொருந்தியது. அவர்கள் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பெண்ணும் பையனும் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து சாயந்திரம் முழுக்கப் பேசியிருக்கிறார்கள். திரும்பி வந்த லோகப்பிரியாவின் முகத்தைப் பார்த்தே எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எத்தனையோ சம்பந்தத்தைத் தட்டிக் கழித்த பெண், இந்த ஒன்றைப் பற்றி, “எப்ப அத்தை அந்தியூரு போறோம்?” என்று அவளாகவே கேட்டாள்.

போனோம். வீடும் மனிதர்களும் மனசுக்கு நிறைவாக இருந்தன. “எலை போடலாமுங்களா?” என்று வேங்கடசாமி கேட்டார். தம்பி சாமியாத்தாளைப் பார்த்தான். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தாள். தொண்டைக்குழாய் காலியாக இருந்தால் நாலு வாயாவது இறங்கும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

இறங்கியிருக்கும். ஆனால் வேங்கடசாமி, போளியை நாங்கள் ஒப்பிட்டு என்போம், அந்தத் தட்டைத் தாமே தூக்கிக்கொண்டு வந்து அவள் இலையில் போட்டு, நெய்யை ஊற்றி, “சாப்புடுங்க அம்மணி, ஊட்டுல செஞ்சது” என்று எதிரிலேயே நின்றுகொண்டார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஒரு வாய் போட்டாள். இரண்டாவது வாயும் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவள் கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, கண் பிதுங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினாள்.

எல்லார் கையும் இலையில் அப்படியே நின்றது. அவள் வாயைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது வேங்கடசாமி தோளில் துண்டைச் சரி செய்துகொண்டிருந்தார்.

“எங்கூட்டு ஒப்பிட்டு அம்மணிக்குப் புடிக்கலீங்களாட்ட இருக்குது. பரவாயில்லீங்க,” என்றார்.

எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் மரியாதை கூடும். அவர் அன்று போட்ட ‘ங்க’வையெல்லாம் கேட்டபோதே எனக்குச் சம்பந்தம் போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. மறுநாள் தரகர் போன் செய்தார். “புடிக்கலீன்னா நேருலயே சொல்லியிருக்கலாமுங்களே, எலைய உட்டு எந்திரிச்சு அவமானப்படுத்தோணுமான்னு பெரியவரு வருத்தப்படறாருங்க,” என்றார்.

தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். “ஒடம்பு சரியில்லைன்னு உள்ளதைச் சொல்லித் தொலைங்களேன்டா,” என்று நான் கத்தினேன்.

சாமியாத்தாள்தான் மறித்தாள். “சொன்னா என்ன ஆகும் நங்கையா? ஆளு இப்படி எளைச்சிருக்கறனே, கேன்சருன்னு முடிவு பண்ணிருவாங்க. ஆத்தாளுக்கு இருந்தா மகளுக்கும் வருமும்பாங்க. இந்தச் சம்பந்தம் மட்டுமா போகும்? இனி வர்றதும் போயிரும். நான் திமிரு புடிச்சவள்னே இருக்கட்டும். அது எம்மேல மட்டும்தானே உழுகும்.”

கிருபாசங்கர் போன் செய்து என்னதான் நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக லோகப்பிரியா வாயைத் திறக்கவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை அம்மாவைக் காரில் ஏற்றிக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். “எனக்குக் கல்யாணம் ஆகுதோ இல்லையோ, எங்கம்மா சோறு திங்கோணும் அத்தை,” என்றாள். நானும் கூடப் போனேன்.

குடல் வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஒரு பெண், நஸ்ரியா என்று பேர். நாங்கள் பேசி முடிக்கும் வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே எனக்கு அதிசயமாக இருந்தது. வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். சுண்ணாம்புத் தண்ணி மாதிரி ஒன்றைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, மடக்கு மடக்காகத் தண்ணீரை விழுங்கச் சொல்லி அழுத்தம் பார்த்தார்கள். “மூக்குலயும் குழாயி, வாயிலயும் தண்ணி. கொளத்து மீனுக்குக்கூட இந்தப் பாடு இல்லீங்க,” என்றாள் சாமியாத்தாள்.

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். மேலே பருத்து, அடியில் ஊசியாகக் கூம்பிய ஒரு வெள்ளை வடிவம்.

“பறவையோட அலகு மாதிரி இருக்கு, பாருங்கம்மா,” என்றார்.

“முள்ளங்கியாட்ட இருக்குதுங்க,” என்றாள் சாமியாத்தாள். எனக்கும் முள்ளங்கியாகத்தான் தெரிந்தது.

“முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். கேன்சர் இல்லை,” என்றார் டாக்டர். லோகப்பிரியா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “இதுக்கு அக்கலேசியான்னு பேரு.”

“பேரே வாயில நொழையலீங்களே. பொறவு சோறு எங்கீங்க நொழையும்?”

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். சோறு தானாகக் கீழே விழுவதில்லையாம். உணவுக்குழாயின் தசைகள் ஒன்றன் பின் ஒன்றாக அமுக்கித் தள்ளிக்கொண்டு போகின்றன. அடியில் வயிற்றுக்கு முன்னால் கதவு மாதிரி ஒரு தசை இருக்கிறது. சோறு வருகிறது என்று நரம்பு சொன்னால்தான் அது திறக்கும். சாமியாத்தாளுக்கு அந்தச் சேதி சொல்கிற நரம்புகள் அழிந்துவிட்டன. கதவு மூடியே கிடக்கிறது.

“நல்லா இருந்த நரம்பு எதுக்குங்க செத்துச்சு?” என்று நான் கேட்டேன்.

“உறுதியா யாருக்கும் தெரியலைங்க. ஆனா ஒரு கருத்து இருக்கு. வைரஸ் உள்ள வந்தா உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடும். சிலருக்கு மட்டும் வைரஸ் போன பின்னாலயும் அந்தச் சண்டை நிக்காம, சொந்த நரம்பையே எதிரின்னு நெனச்சு அழிச்சுடலாம்னு சொல்றாங்க. அக்கி உண்டாக்கற வைரஸ் மாதிரி சிலதை வெச்சுப் பல வருஷமா ஆராய்ச்சி நடக்குது. கொரோனாவுக்கு அப்புறம் இப்படி ஆனதாவும் சில பேரைப் பத்தி எழுதியிருக்காங்க. உங்களுக்கும் அப்படி இருக்கலாம்.”

சாமியாத்தாள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். “இருக்கலாமுன்னு சொல்லாதீங்க டாக்டரம்மா. அப்படித்தான்னு சொல்லிப்போடுங்க. ஊட்டுக்கு ஊடு வந்த காய்ச்சலுங்க. அதுல வந்ததுன்னா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. என்ற புள்ளை கல்யாணம் இதுல இருக்குதுங்க.”

டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். “சொல்றதுக்கு எனக்கும் ஆசையாத்தான் இருக்குங்கம்மா. ஆனா தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன். தெரிஞ்சதைச் சொல்றேன். இது தொத்தாது. குடும்பத்துல வழிவழியா வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம், உங்க பொண்ணுக்கு வரும்னு பயப்பட வேண்டாம். செத்த நரம்பை உயிர்ப்பிக்க முடியாது. ஆனா கதவைத் திறந்துவிட முடியும்.”

எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது. சாமியாத்தாளுக்குத்தான் முகம் தொங்கிப் போயிற்று.

வயிற்றில் கத்தி படாமல், வாய் வழியாகவே கேமராக் குழாயை விட்டு, உள்ளேயிருந்து அந்த இறுகிய தசையை அறுத்துவிடுகிற வைத்தியம் அது. மயக்கம் கொடுத்துச் செய்தார்கள். தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள்.

சாமியாத்தாள் டம்ளரை வாங்கி ஒரு மடக்கு குடித்தாள். பழக்க தோஷத்தில் கையைத் தூக்கப் போனாள். தூக்கிய கை பாதியில் நின்றது.

“எறங்கிப்போச்சு நங்கையா,” என்றாள்.

இன்னொரு மடக்கு குடித்தாள். “இதும் எறங்கிப்போச்சு.”

அழுதுகொண்டே முழு டம்ளரையும் குடித்தாள். லோகப்பிரியா அழுதாள். தம்பி அழுதான். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளை அழ வைத்த நானும் தேம்பித் தேம்பி அழுதேன். தண்ணீர் குடித்ததற்கு ஒரு குடும்பமே அழுவதை நர்ஸ் பெண் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாள் கஞ்சியும் மோரும். பிறகு குழைந்த சோறு. உள்ளே தள்ளுகிற வேலையைத் தசை இனிச் செய்யாது, சோறு தன் கனத்தில்தான் இறங்கும், அதனால் நிமிர்ந்து உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட வேண்டும், நடுநடுவே தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை உண்டு. கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. களத்தில் அவள் குரல் மறுபடி கணீரென்று கேட்டது. கடைசியாகப் போனபோது, இனி எல்லாம் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி ஒரு யோசனை சொன்னான். “கொரோனாவுலதான் வந்துச்சுன்னு டாக்டரே அடிச்சுச் சொல்லீட்டாங்கன்னு தரகர்கிட்ட சொல்லிப்போடலாம். யாரு போயிக் கேக்கப் போறாங்க?”

சாமியாத்தாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். “அந்த டாக்டரம்மா நெனச்சிருந்தா எனக்கு ஒரு பொய்யைச் சொல்லிச் சந்தோசமா அனுப்பியிருக்கலாம். அவங்க சொல்லலை. நம்ம புள்ளை காலம் பூரா இருக்கப்போற ஊட்டுல, மொத நாளே பொய்யச் சொல்லிப்போட்டு எப்படிங்க கை நனைக்கறது?”

தரகரிடம் போன் செய்யவில்லை. வேங்கடசாமிக்கே செய்தாள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

“ஏனுங்ணா, நான் லோகப்பிரியா அம்மா பேசறனுங்க. அன்னைக்கு உங்கூட்டுல பாதியில உட்டுப்போட்டு வந்த சோறு எனக்கு இன்னும் பாக்கி இருக்குதுங்க. வந்து சாப்புடலாமுங்களா?”

வேங்கடசாமி, “வாங்க,” என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். வேங்கடசாமி வாசலில் வந்து கும்பிட்டார், உள்ளே கூட்டிக்கொண்டு போனார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குறை ஒன்றும் இல்லை. ஆனால் முகத்தில் சிரிப்பும் இல்லை. கிருபாசங்கர் சுவரோரம் நின்று லோகப்பிரியாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாமியாத்தாள் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். காய்ச்சல் வந்தது, சோறு நின்றது, நின்றுகொண்டு தின்றது, தொக்கம் எடுத்தது, மூக்கில் குழாய் விட்டது என்று ஒன்று விடாமல் சொன்னாள். அன்றைக்கு எழுந்து ஓடியது எதனால் என்றும் சொன்னாள்.

“அந்தக் காய்ச்சலாலதான் வந்துச்சுங்களா?” என்று கிருபாசங்கரின் அம்மா கேட்டார்.

என் தம்பி சாமியாத்தாளுக்குக் கண்ணைக் காட்டினான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

“இருக்கலாமுங்க. உறுதியாத் தெரியாதுன்னுதான் டாக்டரம்மா சொன்னாங்க. எனக்கும் தெரியாதுங்க. தொத்தாதுன்னு சொன்னாங்க, புள்ளைக்கு வருமுன்னு பயப்பட வேண்டாமுன்னு சொன்னாங்க. அது ரெண்டும் உறுதி. நம்பிக்கை இல்லீன்னா நீங்களே வந்து அந்த டாக்டரம்மாளைக் கேட்டுக்குங்க. எல்லாங் கேட்டுப்போட்டு வேண்டாமுன்னாலும் நான் ஒண்ணும் நெனைக்க மாட்டனுங்க. ஆனா நான் உங்கூட்டுச் சோத்தைப் புடிக்காம எந்திரிச்சுப் போனேன்னு மட்டும் நெனைக்காதீங்ணா. அதை என்னால தாங்க முடியலீங்க.”

வேங்கடசாமி துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இப்ப எறங்குதுங்களா அம்மணி?” என்று கேட்டார்.

“சாதம் எறங்குதுங்க. விருந்துச் சாப்பாடு இன்னும் சாப்புட்டுப் பாக்கலீங்க.”

அவர் உள்பக்கம் திரும்பி, “எலையப் போடுங்க,” என்றார்.

வரிசையாக உட்கார்ந்தோம். வேங்கடசாமி சாமியாத்தாளுக்கு அடுத்த இலையில் உட்கார்ந்தார். ஒப்பிட்டு வந்தது. அவர் முகத்தை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். போட வேண்டாம் என்று பரிமாறுகிறவரிடம் சைகை காட்டினார்.

“போடுங்க, போடுங்க. அதைய உட்டுப்போட்டுத்தானே அன்னைக்கு எந்திரிச்சேன்,” என்றாள் சாமியாத்தாள்.

நிமிர்ந்து உட்கார்ந்தாள். சின்னதாக ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள். மாவாகும் வரை மென்றாள். விழுங்கினாள். எங்கள் யார் கையும் அசையவில்லை. லோகப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள். சாமியாத்தாள் தண்ணீர் ஒரு மடக்கு குடித்தாள். அப்புறம் அடுத்த துண்டைப் பிய்த்தாள்.

“ஏலக்கா கொஞ்சம் தூக்கலுங்க. ஆனா நெம்ப நல்லா இருக்குது,” என்றாள்.

கிருபாசங்கரின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதன் பிறகுதான் நாங்கள் எல்லாரும் சாப்பிட ஆரம்பித்தோம்.

பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும் வரை யாரும் எழக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நாங்கள் எல்லாரும் முடித்துவிட்டோம். சாமியாத்தாள் அப்போதுதான் சாம்பாருக்கு வந்திருந்தாள். மெதுவாக மென்று, தண்ணீர் குடித்து, நடுவில் கொப்பரை விலை பற்றி இரண்டு வார்த்தை பேசி, மறுபடி மென்றாள். எங்கள் கையெல்லாம் காய்ந்து வறண்டு போயிற்று. என் தம்பி இரண்டு தடவை கொட்டாவி விட்டான். வெளியே தோட்டத்து ஆட்கள் வந்து ஐயா எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வேங்கடசாமி அசையவில்லை. காய்ந்த கையை இலைமேல் வைத்துக்கொண்டு, இதற்கென்றே வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்த ஒரு சொந்தக்காரரைக் கண்ணாலேயே உட்கார வைத்தார்.

அவள் ரசத்துக்கு வந்தாள். சோற்றின் நடுவில் குழி பறித்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு, இத்தனை நாள் இறங்காமல் கிடந்தது அவளுக்கு மட்டும்தானா என்று தோன்றியது. எங்கள் வீட்டில் அத்தனை பேரும் சரியாகச் சாப்பிட்டே வருடமாகியிருந்தது.

ரசச் சோறும் முடிந்தது. அவள் இலையில் ஒரு பருக்கை இல்லை. வேங்கடசாமி அந்த இலையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“நல்ல நாளா ஒண்ணு பாத்து நிச்சயத்தை வெச்சுக்கலாமுங்களா, சம்பந்தி?” என்றார்.

கூடத்தில் யாரோ கை தட்டினார்கள். கிருபாசங்கராகத்தான் இருக்க வேண்டும். என் தம்பி அவசரமாக எழப் போனான். சாமியாத்தாள் இடது கையால் அவன் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தாள்.

“வெச்சுக்கலாமுங்க சம்பந்தி. மொதல்ல மோருக்குக் கொஞ்சம் சோறு போடச் சொல்லுங்க,” என்றாள்.